கத்தி வைத்ததோடு கடமை தீர்ந்ததா?

குடலில் புற்று வந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னவுடன் உழைப்பாளி வீட்டில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஆள் பிழைப்பாரா? பணம் எவ்வளவு ஆகும்? மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து, அவர் தேறி எழுந்து மறுபடி வேலைக்குப் போகும் நாள் வரை, அவரையும் அவர் குடும்பத்தையும் யார் காப்பாற்றுவது? கலக்கத்தில் இருக்கும் வீட்டார் இதைக் கேட்பதில்லை. சர்க்காரும் கேட்பதில்லை. ஆகவே நாம் கேட்கிறோம்.

பணத்தைப் பற்றிய கேள்விக்கு இன்று ஓரளவு பதில் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. புற்றுநோய்க்கான ஆபரேஷனும், கீமோ என்னும் மருந்து சிகிச்சையும், கதிர் சிகிச்சையும் அதில் அடங்கும். புதுக்கோட்டையில் 2017-ஆம் வருடம் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தஞ்சையிலும் திருச்சியிலும் மதுரையிலும் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. இவை சாமானியமான விஷயங்கள் அல்ல. ஆனால் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிக் கணக்கைத் தீர்க்குமே தவிர, வீட்டில் உலை வைக்காது.

ஆபரேஷனுக்குப் பின் உடம்பு தேறுவது தலைவிதியைப் பொறுத்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விஞ்ஞானம் வேறு விதமாகச் சொல்கிறது. 1990-களில் டென்மார்க் நாட்டு ரண சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கெலெட் என்பவர் ஒரு கேள்வியை எழுப்பினார். குடலில் ஆபரேஷன் செய்துகொண்டவர் எட்டு நாள், பத்து நாள் என்று ஏன் படுக்கையில் கிடக்க வேண்டும்? காலங்காலமாகச் செய்து வந்த காரியங்கள் ஒவ்வொன்றையும் அவரும் அவருடைய சகாக்களும் பரிசோதித்தார்கள். பல நாள் பட்டினி போடுவது, மூக்கில் குழாய் விடுவது, அசையாமல் படுக்க வைப்பது ஆகிய பலவும் நோயாளிக்கு நன்மை செய்யவில்லை, கெடுதலே செய்தன என்று கண்டார்கள். இந்தப் பழக்கங்களை மாற்றியபோது பலர் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பும் நிலை ஏற்பட்டது. அந்த முறை இன்று உலகின் பல நாடுகளில் பரவியிருக்கிறது. நமது நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் கைக்கொள்ளப்பட்டு வருகிறது.

அந்த முறையில் இருப்பவை எல்லாம் பெரிய யந்திரங்களும் விலையுயர்ந்த மருந்துகளும் அல்ல. பெரும்பாலானவை நாமே புரிந்துகொள்ளக் கூடிய எளிய விஷயங்கள்.

முதலாவதாக, ஆபரேஷனுக்கு முன்பே உடம்பைத் தயார் செய்ய வேண்டும். குடலில் புற்று இருந்தால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே ரத்த சோகையால் வாடும் நமது பெண்கள் இன்னும் வெளுத்துப் போவார்கள். இரும்புச் சத்து கொடுத்து அதைச் சரி செய்ய வேண்டும். பீடியையும் சாராயத்தையும் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே அடியோடு விட வேண்டும். புகைப்பவருக்கு நெஞ்சில் சளி கட்டும். காயம் ஆற நாளாகும்.

இரண்டாவதாக, பட்டினி வேண்டாம். மயக்க மருந்து கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு திட உணவை நிறுத்தினால் போதும். தெளிந்த பானத்தைப் பெரும்பாலோர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். நேரத்தை டாக்டர்தான் நிர்ணயிக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகும், டாக்டர் தடை சொல்லாவிட்டால், ஒரு நாளைக்குள்ளேயே வாய் வழியாக ஆகாரம் தொடங்கலாம். பத்தியம் என்ற பெயரில் வாரக்கணக்கில் வெறும் கஞ்சித் தண்ணீரும் ரசமும் கொடுத்து நோயாளியை வற்ற வைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அறுத்துத் தைத்த இடம் கூட வேண்டுமானால் முட்டை, மீன், பருப்பு, பால், மோர் வேண்டும். நார் மிகுந்தவற்றை மட்டும் டாக்டர் சொல்லும் வரை தள்ளி வைத்தால் போதும்.

மூன்றாவதாக, நடக்க வேண்டும். முடிந்தால் அன்றே, இல்லாவிட்டால் மறுநாளே கட்டிலை விட்டு எழுந்து நாலு அடி வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி தேங்கும், குடல் அசைய நாளாகும். நடப்பதற்கு வலி தணிய வேண்டும். ஆகவே வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் நர்ஸிடம் சொல்ல வேண்டும். வலிக்கு மருந்து கேட்பது கோழைத்தனம் அல்ல.

இவ்வளவும் ஆஸ்பத்திரிக்குள். சீக்கிரம் தேறியவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதே நமது கேள்வி. டென்மார்க் தொழிலாளி ஓய்வெடுக்கும் காலத்தில் அவருக்குச் சம்பளமோ நோய்க்கால உதவியோ வந்துகொண்டிருக்கும். ஆவுடையார்கோவில் பக்கத்திலோ கந்தர்வகோட்டைப் பக்கத்திலோ வசிக்கும் விவசாயத் தொழிலாளிக்கு? வயிற்றில் தையல் போட்டவர் ஏறக்குறைய ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் விட்டுக் குடல் பிதுங்கும். ஆனால் கதிர்க்கட்டைத் தூக்காமல், தண்ணீர்க் குடத்தைச் சுமக்காமல், குனிந்து நாற்று நடாமல் அந்தக் குடும்பத்துக்குக் கூலி ஏது? பதினைந்தாம் நாளே மண்வெட்டியைத் தூக்குகிறவரை அறியாமை என்று பழிப்பது சுலபம். அவரை வயலுக்குத் துரத்துவது வீட்டில் அரிசி இல்லாமை.

இதன் விளைவு தையலோடு நிற்பதில்லை. பலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ தேவைப்படும். அதை ஏறக்குறைய எட்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் கிடைக்கும். உடம்பு தேறாதவரும், கூலியை விட்டுத் திருச்சிக்கும் தஞ்சைக்கும் அலைய முடியாதவரும் அந்தக் கெடுவைத் தவற விடுகிறார்கள். கத்தியால் கிடைத்த உயிர் கூலியில்லாமையால் மறுபடி ஆபத்துக்குள்ளாகிறது.

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு கேடயம் இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவருக்கு நோய்க்காலத்தில் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் உண்டு. புற்றுநோய் போன்ற நீண்ட கால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருடம் வரை பெற வழி உண்டு. ஆனால் இதற்குத் தொடர்ந்து இரண்டு வருடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். சந்தாவும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரைச் சேர்க்காமலோ, இடையிடையே நீக்கியோ முதலாளி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நாளை நோய்ப் படுக்கையில் தொழிலாளியின் உரிமையைப் பறிக்கும். தோழர்களே, சம்பளத்தில் பிடித்த சந்தா உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் கேடயமும் இல்லை. சில திட்டங்களில் நோய்க்கால உதவி என்று எழுதியிருக்கிறது; அது இழந்த கூலிக்கு ஈடாகாது.

கூலிக்கு ஈடு தர முடியுமா என்று கேட்பவர்களுக்கு நமது ஜில்லாவிலிருந்தே பதில் சொல்லலாம். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றை வெறும் சீதபேதி என்று தவறாக எண்ணினார்கள். தங்கை இளம் வயதிலேயே இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் 1954-இல் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. அதே அம்மையாரின் பெயரால் இன்று தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மார்களுக்குப் பேறுகால உதவி வழங்கப்படுகிறது: மொத்தம் 18,000 ரூபாய்; அதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். பிள்ளை பெற்றவள் உடனே வயலுக்கு ஓடக் கூடாது, அவளுக்குச் சத்துள்ள ஆகாரமும் ஓய்வும் வேண்டும் என்ற நியாயத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. அந்த நியாயம் வயிற்றை அறுத்துப் புற்றை எடுத்த கூலிக்காரனுக்குப் பொருந்தாதா?

ஆகவே நாம் கோருகிறோம்:

புற்றுநோய் ஆபரேஷன் செய்துகொண்ட விவசாயத் தொழிலாளிக்கும் அமைப்புசாராத் தொழிலாளிக்கும், தேறும் காலம் முழுவதும் குறைந்தபட்சக் கூலியில் ஒரு பங்கும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள், வீடு திரும்பிய ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே சென்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு டயாலிசிஸ் பை வீட்டுக்கே தரும் அந்தத் திட்டம், வயிற்றில் வாய் வைக்கப்பட்டவருக்கு மலப்பையையும் தட்டாமல் தரட்டும். பை வைத்திருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. அந்தப் பையோடு நடக்கலாம், உண்ணலாம், உழைக்கவும் செய்யலாம்.

கீமோவும் மறுபரிசோதனையும் கூடியவரை புதுக்கோட்டையிலேயே நடக்க வேண்டும். அதுவரை வெளியூர் செல்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் கட்டணம் இல்லை; உடன் செல்பவருக்கு முக்கால் பங்கு சலுகை. ஆஸ்பத்திரியில் உரிய சான்று கேட்டு வாங்குங்கள்.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்க முடியாது. சங்கங்களுக்கும் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. தெருவில் ஒருவர் ஆபரேஷன் முடிந்து வந்தால், ஆறு வாரம் அவர் வீட்டுத் தண்ணீரை யார் எடுப்பது, ஆஸ்பத்திரிக்கு யார் துணை போவது என்று தோழர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் கண்டாலோ, தையலில் சீழ் வடிந்தாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே 108-ஐக் கூப்பிடுங்கள். தையல் ஆறியவரைத் தினமும் நடக்கச் சொல்லுங்கள். கீமோ முடித்தவர்கள் மூன்று வருடம் திட்டமிட்டு உடற்பயிற்சி செய்தபோது நோய் திரும்புவது குறைந்தது, உயிர் வாழ்ந்தவர்கள் கூடினார்கள் என்று 889 பேரை வைத்து நடத்திய ஆராய்ச்சி 2025-இல் காட்டியிருக்கிறது. சுமை தூக்குவது அந்தப் பயிற்சி ஆகாது. நிம்மதியாக வீசி நடக்கும் நடைதான் மருந்து.

மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் என்றோ சீதபேதி என்றோ நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சீக்கிரம் கண்டால் சீக்கிரம் தேறலாம்.

நோய் எல்லோருக்கும் வருகிறது. தேறுவதற்கான அவகாசம் மட்டும் இன்று வசதியுள்ளவர்களிடம் இருக்கிறது. அந்த அவகாசத்தை உழைப்பாளிக்கும் பெற்றுத் தருவதே நம் முன் உள்ள வேலை.