பெரிதாகத் தெரிவதும் தெளிவாகத் தெரிவதும்

1896-ஆம் ஆண்டில் மலாக்கா, புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் ரப்பர் பயிரிட்டார். பின்னர் நாடெங்கும் காடுகள் அழிந்து தோட்டங்கள் பெருகின. அங்குப் பால்வெட்ட வந்த நம் முன்னோரைக் குளிர்காய்ச்சல் வாட்டியது, பலர் மாண்டனர். நச்சுக் காற்றே காரணமென்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1897 ஆகஸ்டு 20-இல், சிக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், நோயாளியின் குருதியைக் குடித்த கொசுவை அறுத்து நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து அக்காய்ச்சலை ஒடுக்க முற்பட்டார்.

இத்தகைய கருவியை நம் மாணவர், "சிறியதைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி" என்ற அளவில் மட்டும் அறிந்திருத்தல் போதாது என்பது எங்கள் கருத்து.

பொருளருகு வில்லை முதலில் பெரிதாக்கிய உருவைக் கண்ணருகு வில்லை மீண்டும் பெரிதாக்குகிறது. ஆதலின் இரண்டின் எண்களையும் கூட்டலாகாது, பெருக்க வேண்டும். 10-உம் 40-உம் சேர்ந்தால் 50 மடங்கன்று, 400 மடங்கு. நம் குருதியின் சிவப்பணு ஏறத்தாழ 0.007 மில்லிமீட்டர் குறுக்களவுடையது. 400 மடங்கில் அது 2.8 மில்லிமீட்டராக, ஓர் எள்ளளவாய்த் தோன்றும்.

அப்படியாயின் மடங்கு கூடக்கூட நன்மைதானே என்று கேட்பீர்கள். அன்று! நாளிதழ்ப் படத்தைக் கைவில்லையால் பாருங்கள். புள்ளிகள் பெருக்குமேயன்றி முகம் தெளியாது. ஒளியின் இயல்பால், சாதாரண நுண்ணோக்கி ஏறத்தாழ 0.0002 மில்லிமீட்டரினும் நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. இவ்வெல்லையை எர்ன்ஸ்ட் அபே 1873-இல் விளக்கினார். மட்டமான வில்லையோ அவ்வெல்லையை எட்டுவதுமில்லை. விளையாட்டுக் கருவிப் பெட்டிமேல் "1200 மடங்கு" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பெற்றோர் மயங்க வேண்டா. பள்ளிக்கு வாங்குவோரும் நல்ல வில்லையுடைய 400 மடங்குக் கருவியையே தேர்ந்தெடுத்தல் நன்று.

மடங்கு கூடினால் காட்சிப் பரப்பும் சுருங்கும். இதனை மாணவரே அளந்தறியலாம். 40 மடங்கில் கண்ணாடி அடிக்கோலை வைத்துக் கோடுகளை எண்ணுக. 4 மில்லிமீட்டர் தெரிந்தால், 400 மடங்கில் 0.4 மில்லிமீட்டரே தெரியும். பிறகு அடிக்கோலை எடுத்துவிட்டு, மீண்டும் 40 மடங்கில் வெங்காயத் தோலை வைக்கட்டும். காட்சியின் குறுக்கே 16 உயிரணுக்கள் நீளவாக்கில் வரிசையாகத் தெரிந்தால், ஒன்றின் நீளம் கால் மில்லிமீட்டர்.