எங்களைச் ‘சமாளிப்பாங்க’ எண்டு பாராட்டாதீங்க

போன மாசம் கம்பஸில ஒரு பயிற்சிப் பட்டறை. தலைப்பு ‘சமூகத்தின் தாங்குதிறன்’. திரையில ஒரு படம் வந்தது. பழைய ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக வெட்டி, மீன்வலைக்கு மிதவையாகக் கட்டியிருந்தார்கள். “பாருங்க, எங்கட மக்கள் எதையும் சமாளிப்பாங்க” எண்டார் வளவாளர். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

திருகோணமலைக்கு லீவில வந்தபோது பக்கத்து வீட்டு மாமாவிடம் இதைச் சொன்னேன். அவருடைய வலையிலயும் அதே செருப்புத் துண்டுகள்தான். கிழிசலைத் தைத்தபடியே கேட்டார்: “நல்லது மகள். கை தட்டினதால மண்ணெண்ணெய் விலை குறையுமாமோ?”

அந்தக் கேள்வி இன்னும் என்னை விடேல்ல.

திறமை இல்லை எண்டு நான் சொல்ல வரேல்ல. 1990களில் வடக்கில பொருளாதாரத் தடை இருந்த காலத்தைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீங்க. பெற்றோல் இல்லை. சில துளி பெற்றோலில மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓட்டினார்கள். பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, மண்ணெண்ணெயை அளந்து விட்டு, அந்த வெளிச்சத்தில பரீட்சைக்குப் படித்தார்கள். இது அறிவுதான். ஆனா அது யாரோ போட்ட தடையால பிறந்த அறிவு. தடையை மறந்துவிட்டு ஜாம் போத்தலை மட்டும் கொண்டாடினால், தடை போட்டவருக்குத்தான் அது வசதி.

சமாளிப்புக்கு ஒரு விலையும் இருக்கு. போத்தல் விளக்கையே எடுங்க. இலங்கை முழுக்க ஏழை வீடுகளில் அந்த விளக்கு சரிந்து எத்தனையோ பேர் எரிந்திருக்கிறார்கள். அப்படி எரிந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ‘எங்கட மக்கள் கெட்டிக்காரர்’ எண்டு சொல்லிப் போட்டுப் போகவில்லை. மார்மைட் போத்தல் குள்ளமாக, சரியாமல் நிற்பதைக் கவனித்தார். உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட, தடித்த கண்ணாடி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். ‘சுதீப’ எண்டு பெயர். மலிவாகச் செய்து ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சனத்தின் யோசனைக்கு மரியாதை செய்வது எண்டா இதுதான். அதில உள்ள ஆபத்தைப் பார்த்து, மிச்ச வேலையைப் பொறுப்பெடுத்துச் செய்து முடிப்பது.

இப்ப எங்கட ஊருக்கு வருவம். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில கிடந்தன. மாமாவும் இன்னும் இரண்டு பேரும் கான்களில மிஞ்சினதைச் சேர்த்து, ஒரே வள்ளத்தில போய், மீனைப் பங்கு போட்டார்கள். ஆகஸ்டில விலை ஒரே இரவில லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அதையும் ‘சமாளித்தார்கள்’. கேஸ் இல்லாமல் அம்மா முற்றத்தில மூன்று கல்லு வைத்துச் சமைத்தா. அந்தப் புகையில வந்த இருமலை எந்தப் பட்டறையும் படம் பிடித்துக் காட்டேல்ல.

இவ்வளவும் நடந்தது எங்கே? சீனக்குடாவில பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில. ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது ஒன்று அழிந்தது. மிச்சத்தில பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காடு பற்றிக் கிடந்தன. அவற்றை யார் எப்படிப் பாவிப்பது எண்டு இந்தியாவோட ஒப்பந்தம் போட்டு முடிக்கவே 2022 ஜனவரி ஆகிவிட்டது.

“குதம் இருந்தாப் போதுமா, எண்ணெய் வாங்க டொலர் வேணுமே” எண்டு கேட்பீங்க. சரி, வேணும்தான். அந்த டொலர் ஏன் இல்லாமல் போனது எண்டும் சேர்த்துக் கேளுங்க. செருப்பை எறியாமல் மிதவையாக்கு, கிழிந்த வலையைத் தை, கையில இருக்கிறதை வைத்துச் சமாளி எண்ட புத்திமதி எல்லாம் கடற்கரையில இருக்கிறவருக்கு மட்டும்தானா? கையில இருந்த துறைமுகத்தையும் குதங்களையும் வைத்து ஒன்றும் செய்யாமல் விட்டவர்களுக்கு இந்தப் பாடத்தை ஏன் யாரும் நடத்தேல்ல?

கலைப்பீடத்தில படிக்கிற நாங்களும் இதில குற்றவாளிகள்தான். ‘தாங்குதிறன்’ எண்டு அசைன்மென்ட் எழுதி ‘ஏ’ எடுக்கிறம். மாமாவின் வலை எங்கட பவர்பொயின்டில ஒரு படமாக முடிந்துபோகுது. எழுதுங்க, வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா அந்த மிதவையைச் செய்யவேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது எது எண்டும் அதே பக்கத்தில எழுதுங்க. மிச்ச வேலையை யார் செய்யவேண்டும் எண்டு பதவியைச் சொல்லி எழுதுங்க.

அடுத்த பட்டறையில அந்தப் படம் திரும்பவும் வரும். அப்போது நான் கை தட்டப்போவதில்லை. கை உயர்த்தி, மாமா கேட்டதையே கேட்கப்போறேன்.