இலவசம் யாருக்கு?

‘ஓசியில ரேஷன் அரிசி கிடைக்குது. அதனாலதான் சார் எவனும் வேலைக்கே வர மாட்டேங்கிறான்!’

ஹோட்டல் முதலாளி, அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர், காலையில் பார்க்கில் நடக்கும் ரிட்டயர்ட் ஆபீசர்... யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்தாவது நிமிடம் இந்த வசனம் வந்துவிடுகிறது. ஓசி அரிசி, ஓசி பஸ் என்று ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டார்களாம்.

நான் பி.காம். படித்தவன். தீர்ப்புக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாமே!

சென்னைப் புறநகரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். புருஷன் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி. தினம் பன்னிரண்டு மணி நேர டியூட்டி, மாதம் 14,000. மனைவி ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ள், 12,000. இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. மொத்த வரவு 26,000.

செலவு? வாடகை 9,000. கரன்ட், தண்ணீர் கேன் 1,500. கேஸ் சிலிண்டர் 870. மளிகை, பால், காய்கறி 9,000. பிள்ளைகளின் படிப்பு, டியூஷன் 3,000. செல்போன் 600. அவருடைய பெட்ரோல் 1,500. பாட்டியின் சுகர், பிரஷர் மாத்திரை 1,500. கூட்டினால் 26,970. துண்டு விழுவது 970 ரூபாய்.

இதில் தீபாவளி இல்லை. ஒரு வைரஸ் காய்ச்சல்கூட இல்லை. ரேஷனில் அரிசியை இலவசமாக வாங்கி, 30 ரூபாய் துவரம்பருப்பும் 25 ரூபாய் பாமாயிலும் வாங்கி, அந்தம்மா கட்டணமில்லாத பஸ்ஸில் வேலைக்குப் போன பிறகும் இதுதான் நிலவரம். அந்த ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையாவது கிடைக்குமா என்றால், 2023ல் திட்டம் தொடங்கியபோது வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். இவர்களுக்கு வருவது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஆக, அரசாங்கத்தின் அகராதியில் இவர்கள் வசதியானவர்கள்!

‘ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் சார்’ என்று டி.வி.யில் நிதி ஆலோசகர்கள் உபதேசம் செய்கிறார்கள். அளந்துதான் போடுகிறார்கள். இதில் எதை வெட்டச் சொல்கிறீர்கள், பாட்டியின் மாத்திரையையா? இந்த வீட்டுக்கு வந்திருப்பது செலவு வியாதி இல்லை, சம்பள வியாதி.

சரி, அந்த இலவச அரிசியை யார் தின்கிறார்கள்? கணக்கு நோட்டில் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியே ஆக வேண்டும். ரேஷன் கடையும் இலவச பஸ்ஸும் நாளைக்கே நின்றுபோனால், இந்தச் சம்பளத்துக்கு இவர்களால் வேலைக்கு வந்துபோகவே முடியாது. முதலாளி சம்பளத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும். அப்படியானால் அந்த அரிசி போவது தொழிலாளியின் தட்டுக்கு, வரவு விழுவது முதலாளியின் கல்லாவில். அவர் தர வேண்டிய சம்பளத்தில் ஒரு பங்கை, நீங்களும் நானும் கட்டும் வரிப்பணத்திலிருந்து அரசு தருகிறது. உண்மையான இலவசம் இதுதான்.

நியாயமான சம்பளம் எவ்வளவு என்பது ஒன்றும் தேவரகசியம் இல்லை. 1957ல் நடந்த 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு கணக்கே போட்டுக் கொடுத்துவிட்டது. புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு வயிறாரச் சாப்பாடு, வருடத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, அடுப்புக்கும் விளக்குக்கும் மற்றதுக்கும் 20 சதவிகிதம். இத்தனையும் ஒருவர் சம்பளத்தில் அடங்க வேண்டும். மனைவியின் வருமானத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். இன்று இரண்டு பேர் உழைத்தும் அந்த இடத்துக்கு வந்து சேர முடியவில்லை!

1991ல் சென்னையிலிருந்து போன ஒரு மருந்துக் கம்பெனித் தொழிலாளர்களின் வழக்கில், படிப்பு, வைத்தியம், பண்டிகை, முதுமை, கல்யாணம் இவற்றுக்காக இன்னொரு 25 சதவிகிதம் சேர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நீடிக்கவே உரிமை இல்லை என்பதையும் அதே நீதிமன்றம் ஐம்பதுகளிலேயே சொல்லியாயிற்று.

அப்புறம் என்ன நடந்தது? மத்திய அரசே போட்ட நிபுணர் குழு, தேசியக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 375 ரூபாயாவது வேண்டும் என்று 2019 ஜனவரியில் அறிக்கை தந்தது. அதே வருடம் ஜூலையில் அரசு அறிவித்த தொகை 178. முன்பு இருந்தது 176. இரண்டு ரூபாய் உயர்வு! அதில் ஒரு டீ குடிக்க முடியுமா?

சம்பளத்தை ஏற்றினால் விலைவாசி ஏறும் என்று பயமுறுத்துவார்கள். விலைவாசி ஏறுகிறது என்று ஒப்புக்கொண்டுதான் அரசு ஊழியர்களுக்கு வருடம் இரண்டு முறை அகவிலைப்படியைத் திருத்துகிறார்கள். அது நியாயம்தான். ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு மட்டும் தக்காளி பழைய விலைக்கா கிடைக்கிறது? கடையில் உட்கார ஒரு ஸ்டூல் வாங்கித்தரவே தமிழ்நாட்டில் 2021ல் தனியாகச் சட்டத் திருத்தம் வேண்டியிருந்தது. தானாகவே சம்பளம் ஏறிவிடும் என்று நம்ப நான் தயாரில்லை.

ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்துவிட்டது. மத்திய அரசு ஓர் அடிமட்டக் கூலியை நிர்ணயிக்க வேண்டும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது என்கிறது அது. அந்தத் தொகையை 1957ன் அளவுகோலில், இன்றைய விலையில் போடுங்கள். ஏட்டில் எழுதியது சம்பள கவருக்குள் வருகிறதா என்று பார்க்க ஆய்வாளர்களை அனுப்புங்கள். அதுவரை ரேஷன் அரிசியைப் பற்றி யாரும் வாய் திறக்க வேண்டாம்.

அரசு இருக்கட்டும், நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த அபார்ட்மென்ட் மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு நாம் கட்டும் பணத்தில், வாசலில் நிற்கும் அந்த மனிதரின் கைக்கு எவ்வளவு போகிறது? அதிகாலை இரண்டு மணிக்கு அவர் தூங்கிவிட்டார் என்று புகார் எழுதும் முன், இதைக் கேட்டுவிடுங்கள்.