டுபாக்கூர் மேஜருக்கு மூணு மாசம், செக்யூரிட்டி அண்ணனுக்கு ஒரு வருஷம்

மிலிட்டரி உடுப்பை யார் போடலாம், யார் போடக்கூடாதுன்னு பேச்சு வந்தாலே நம்ம மக்கள் நேரா தோனி கிளவுஸுக்குப் போயிடுவாங்க. (2019 உலகக்கோப்பை, பலிதான் முத்திரை, ஐ.சி.சி. எடுக்கச் சொன்னது... தெரிஞ்ச கதைதான்.) எனக்கு அதைவிட உறுத்துற மேட்டர் எங்க அரியமங்கலத்துலயே இருக்கு.

தஞ்சாவூர் ரோட்டுல குடோன், பட்டறை, ஷோரூம் வாசல்ல எல்லாம் ஒரு செக்யூரிட்டி நிக்கிறார். பாதிப் பேருக்கு அம்பது தாண்டியிருக்கும். அதுல சிலருக்கு ஏஜென்சிக்காரங்க மாட்டிவிட்டிருக்கிறது திட்டுத்திட்டா பச்சையும் பழுப்புமா இருக்குற மிலிட்டரி பிரிண்ட் டிரெஸ், தோள்ல ஒரு பட்டை. திருவெறும்பூர் பக்கம் துப்பாக்கித் தொழிற்சாலையே இருக்குற ஊர். திடீர்னு பார்த்தா நிஜ ஜவான்னுதான் தோணும். ஏஜென்சிக்கும் அதானே வேணும்!

சட்டம் என்ன சொல்லுது? படைவீரர் இல்லாத ஒருத்தர், தன்னைப் படைவீரர்னு மத்தவங்க நம்பணுங்கற எண்ணத்தோட அந்த உடுப்பைப் போட்டா குற்றம். இந்திய தண்டனைச் சட்டத்துல 140-வது பிரிவா இருந்தது, 2024 ஜூலை 1-லேருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுல 168. அதிகபட்சம் 3 மாசம் ஜெயில், இல்லேன்னா 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லேன்னா ரெண்டும். 'எண்ணம்'ங்கற வார்த்தையை கவனிங்க. அதனாலதான் 'துப்பாக்கி' விஜய்யும், 'அமரன்' சிவகார்த்திகேயனும், மாறுவேஷப் போட்டிக்குப் போற எல்.கே.ஜி. வாண்டும் தப்பிச்சாங்க :-) 2016 பதான்கோட் தாக்குதலுக்கு அப்புறம் ராணுவம் பொதுமக்களைப் போட வேணாம்னும் கடைக்காரங்களை விக்க வேணாம்னும் கேட்டுக்கிட்டது. பிளாட்பார பேன்ட் வியாபாரம் இன்னும் நடக்குது, அது வேற விஷயம்.

செக்யூரிட்டிக்குத் தனிச் சட்டம். 2005-ல வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், பிரிவு 21. முப்படை, போலீஸ் உடுப்பையோ, அது மாதிரி தோற்றம் இருக்குற எதையோ காவலாளி போட்டா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். ஏஜென்சி முதலாளிக்கும் அதே. எண்ணம் பத்திப் பேச்சே இல்லை, தோற்றம் போதும்.

மேஜர்னு பீலா விட்டு பொண்ணு பார்க்கப் போறவனுக்கு, உடுப்புக்காக மட்டும்னா, மூணு மாசம். (ஏமாத்தினதுக்கு வேற பிரிவு இருக்கு, சண்டைக்கு வராதீங்க.) குடுத்ததைப் போட்டுக்கிட்டு ராத்திரி பூரா கேட்டுல உக்கார்ற மனுஷனுக்கு ஒரு வருஷம். என்னங்க நியாயம்?

எங்க தெருமுனை குடோன் அண்ணன்கிட்ட சொன்னேன். "அப்படியா தம்பி? இந்த டிரெஸ்ஸுக்கு ரெண்டு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்களே. இதைக் கழட்டிட்டு வேட்டியிலயா நிக்கிறது?"

முன்னாள் ராணுவத்துக்காரங்களுக்கு இதுல கோபம் வர்றது நியாயம்தான். பல வருஷம் பனியில நின்னு சம்பாதிச்ச உடுப்பு. அவங்களே இப்ப விழாவுக்குப் போனா கோட்டுலதான் மெடலைக் குத்திக்கிறாங்க. ஆனா அந்தக் கோபம் போக வேண்டிய இடம் ஏஜென்சி ஆபீஸ், கேட்டு ஸ்டூல் இல்லை. காவலாளிக்கான தண்டனையை எடுத்துட்டு, முதலாளிக்கு லைசென்ஸ்லயே கை வைக்கட்டும். லைசென்ஸ் புதுப்பிக்க வரும்போது அஞ்சு பேரை யூனிஃபார்மோட வரிசையா நிக்க வச்சுப் பார்க்குறது என்ன பெரிய ராக்கெட் விஞ்ஞானமா?

அதுவரைக்கும் ஒண்ணு செய்யலாம். உங்க அப்பார்ட்மென்ட் மீட்டிங்ல லிஃப்ட் சண்டை, தண்ணி லாரி சண்டைக்கு நடுவுல ஒரு நிமிஷம் எந்திரிச்சு, ஏஜென்சிக்கிட்ட நீலச் சட்டை கேளுங்க. புதுத் துணிக்காசு அந்த அண்ணன் சம்பளத்துல விழாமலும் பார்த்துக்கங்க.