ஏறும் படியா, தாங்கும் இரும்பா?

டயர் காற்றழுத்தம் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்த வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "வண்டியைக் காட்டுப் பாதையில் இறக்கப் போகிறோம். முதல் செலவு எதற்கு? பெரிய டயருக்கா, வின்ச்சுக்கா, கூடுதல் விளக்குக்கா?"

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றைத்தான் நான் சொல்வேன். அதற்குக் காரணம் என் அம்மா.

ஹைலக்ஸ் வாங்கிய புதிதில் அம்மாவால் அதில் ஏற முடியவில்லை. வயது 71, இரண்டு முழங்காலிலும் வலி. அவருக்காகவே வண்டிச் சாமான் கடை ஒன்றில் சைட் ஸ்டெப் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். தடித்த கறுப்புக் குழாய், பார்வைக்கு முரடாக இருந்தது. "பாறையில் இடித்தாலும் தாங்கும் பாஸ்" என்றார் கடைக்காரர். நம்பிவிட்டேன். அது எதில் மாட்டியிருக்கிறது என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஜண்டா பாயிக் பக்கம் போனோம். ஓர் ஓடையைக் கடக்கும்போது இடது முன்சக்கரம் பாறை ஒன்றில் ஏறி வழுக்கியது. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே வண்டியின் இடுப்பு அந்தப் பாறைமேல் போய் உட்கார்ந்தது. ஸ்டெப் மேல்நோக்கி மடங்கி, கதவின் அடிப்பகுதிக்குள் செருகிக்கொண்டது. அம்மா பக்கத்துக் கதவு அசையவே இல்லை. அதே பக்கத்துப் பின்கதவு பாதிதான் திறந்தது.

தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் மலைமேல் வானம் கறுத்திருந்தது. நம் நாட்டு ஓடைகளில் குளித்துப் பழகியவர்களுக்குக் 'கெப்பாலா ஆயர்' என்றால் என்னவென்று தெரியும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழை இருக்காது. மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். அம்மாவைக் கியருக்கு மேலாக நகர்த்தி, என் இருக்கை வழியாக இறக்கினோம். அந்த முழங்கால்களோடு அதற்குப் பத்து நிமிடம் பிடித்தது. நல்லவேளை, வெள்ளம் வரவில்லை. கூட வந்த நண்பர் தன் வண்டியில் கயிறு கட்டி எங்கள் வண்டியை இழுத்துவிட்டார்.

கரையில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றுதான் கேட்டார். "எனக்குன்னு போட்ட படிதானேப்பா இது?"

எதில் மாட்டியிருக்கிறது?

ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், ஜிம்னி போன்ற வண்டிகளுக்கு அடியில் ஏணி வடிவில் ஓர் இரும்புச் சட்டம் உண்டு. அதுதான் சேசிஸ். இருக்கையும் கதவும் கொண்ட உடற்கூடு, ரப்பர் தாங்கிகளின் மேல் அந்தச் சேசிஸில் உட்கார்ந்திருக்கிறது. எடையைத் தாங்கும் எலும்பு சேசிஸ். மேலே இருப்பது மெல்லிய தகடு.

நான் வாங்கிய ஸ்டெப், கதவுக்குக் கீழே உள்ள அந்தத் தகட்டில் சின்னச் சின்ன போல்ட்டுகளால் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் ஏறி நிற்க அது போதும். வண்டியே அதன்மேல் உட்கார்ந்தால் போதாது. ராக் ஸ்லைடர் என்பது வேறு. அது சேசிஸிலிருந்து கால் நீட்டி வெளியே வரும் இரும்புத் தடுப்பு. வண்டியின் எடை பாறைமேல் இறங்கினாலும் கதவையும் அதன் கீழ்ப்பகுதியையும் நசுங்க விடாது. பாறைமேல் வண்டி சறுக்கிக்கொண்டு நகரவும் அது உதவும். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். குனிந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பட்டறையில் ஒரு பாடம்

நண்பர் ஒருவர் ரவாங் பக்கம் இருக்கும் வெல்டிங் பட்டறைக்கு அழைத்துப் போனார். செம்பனைத் தோட்டத்து டிராக்டர் டிரெய்லர்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவரும் அண்ணன் அவர். "சேசிஸோட சேர்த்து நல்லா வெல்டு பண்ணிடுங்கண்ணே" என்றேன், விஷயம் தெரிந்தவன் மாதிரி.

"அது அப்புறம் தம்பி. வண்டியில யார் யார் உட்காருவாங்க? எங்கெங்க போவீங்க?" என்று கேட்டார். அம்மா கதையைச் சொன்னேன். சிறிது நேரம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, வெல்டு வேண்டாம், போல்ட்டில் மாட்டலாம் என்றார். சேசிஸில் தவறான இடத்தில் வெல்டு வைத்தால், அந்தச் சூட்டில் வலுவிழந்த இடமே பிறகு விரிசல் விடும். போல்ட் என்றால் கழற்றலாம், வளைந்தால் மாற்றலாம். சேசிஸில் புதுத் துளை போடாமல், 6 மி.மீ. தகடுகளால் அதை இருபுறமும் கவ்விப் பிடிக்கும்படி செய்தார்.

வண்டியை ஜாக்கியில் தூக்காமல், சமதரையில் அதன் சக்கரங்களிலேயே நிறுத்தி அளவெடுத்தார். அட்டையை வெட்டி ஒவ்வொரு காலுக்கும் அச்சு எடுத்தார். வலது பக்கத்து அச்சு இடது பக்கத்துக்கு உதவவில்லை. பிரேக் குழாய், டீசல் குழாய், மின்கம்பி, புகைக்குழாய் எல்லாம் அடியில் ஆளுக்கொரு வழியில் ஓடுகின்றன. அவற்றை உரசாமல் கால் வைக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு கால். வெளிக்குழாய் 48 மி.மீ. விட்டம், ஏறக்குறைய 4 மி.மீ. கனம். இரண்டு பக்கமும் சேர்த்து 45 கிலோ வந்தது.

குழாய்க்கும் கதவின் அடிப்பகுதிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டார். காட்டுப் பாதையில் உடற்கூடு ரப்பர்மேல் அசையும், ஸ்லைடர் சேசிஸோடு அசையாமல் நிற்கும். இடைவெளி இல்லாவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். பின்சக்கரத்துக்கு முன்னால் குழாயைச் சற்று வெளியே வளைத்தார். மரத்தை ஒட்டித் திரும்பும்போது அந்த வளைவு முதலில் பட்டு, வண்டியின் பின்பக்கத்தைக் காப்பாற்றும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. ஸ்லைடர் உயரத்தில் ஒட்டி இருந்தால்தான் பாறையில் மாட்டாது. அம்மாவுக்கோ தாழ்வான படி வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்காது. அண்ணன் இரு குழாய்களுக்கு நடுவே செக்கர் பிளேட் வைத்து, வழுக்காமல் கால் வைக்க இடம் செய்தார். "மிச்ச உயரத்துக்கு ஒரு குட்டி முக்காலி வாங்கிக்குங்க. படியைக் கீழ இறக்குனா மறுபடியும் அதே கதைதான்" என்றார்.

சட்டத்தை மறக்காதீர்கள்

வேலையைத் தொடங்கும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யிடம் கேட்டுவிடுங்கள். வண்டியின் கட்டமைப்பை மாற்றும் வேலைக்கு அனுமதி தேவைப்படும். 'எல்லோரும் மாட்டியிருக்கிறார்களே' என்பது சாலைத் தடுப்பில் எடுபடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டிக்கு உத்தரவாதக் காலம் இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்70, சிஆர்-வி போன்ற எஸ்யூவி வண்டிகளுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. இந்த வகை ஸ்லைடர் அவற்றுக்குப் பொருந்தாது.

பட்டறைக்குப் போகும் முன் நான்கு குறிப்புகள்:

1. வண்டிக்கு அருகிலோ வண்டியிலோ வெல்டிங் நடந்தால், முதலில் பேட்டரியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. குழாயின் முனைகளை மூடி, அடியில் சிறு வடிகால் துளை விடச் சொல்லுங்கள். நம் ஊர் மழையில் உள்ளே தேங்கும் சேற்று நீர்தான் துருவுக்குத் தாய்.

3. பவுடர் கோட்டிங் அழகு. ஆனால் பாறையில் உரிந்தால் அதற்கடியில் துரு பரவும். சாதாரணப் பெயிண்ட் என்றால் நீங்களே தெளித்துச் சரிசெய்யலாம்.

4. முதல் 500 கிலோமீட்டரில் போல்ட்டுகளை மறுபடியும் முடுக்குங்கள். ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பிறகும் பாருங்கள்.

வேலை முடிந்த அன்று அண்ணன் ஸ்லைடரின் நடுவில் ஜாக்கியை வைத்து அழுத்தினார். இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. "இப்ப போய் கதவைத் திறங்க தம்பி" என்றார். திறந்தேன். எப்போதும்போல் லேசாகத் திறந்து, லேசாக மூடியது. விலை பேசும்போது கணக்குப் பார்த்த எனக்கு, அந்தச் சத்தத்தைக் கேட்டபின் கணக்கு மறந்துவிட்டது.

போன மாதம் மறுபடியும் ஓர் ஓடைக்குப் போனோம். கிளம்பும் முன் அம்மா முக்காலியில் ஏறவில்லை. முதலில் குழாயைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "இது எதுல மாட்டியிருக்கு?" என்று கேட்டார்.

நான் அன்று கடையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் கேட்டுவிடுங்கள். அடுத்த வாரம், வண்டி சிக்கினால் கயிறு கட்டக்கூடாத இடங்களைப் பார்ப்போம்.