மெருகுக்கு முன் உறுதி

நம் வீட்டில் மச்சுக்குப் போகும் தேக்குப் படிகளின் கைப்பிடி சென்ற மாதம் ஆட்டங் கண்டது. வயோதிகரான நம் தாயார் பற்றி ஏறும் கைப்பிடி அது.

முதலில் வந்தவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்து, "வர்ணம் பூசினால் புதிதாகிவிடும்" என்று தொகை பேசினார். கைப்பிடியைத் தொடவே இல்லை.

அடுத்து வந்த முதிய ஆசாரியோ தொகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கைப்பிடியை உலுக்கினார், ஒவ்வொரு படியையும் சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்டார். பொள்ளென்று ஒலித்த இடத்தில் உளிமுனையை அழுத்தவே, கரையான் தின்ற மரம் மாவாக உதிர்ந்தது. "ஆணி அடித்தால் அடுத்த மழை வரைதான், வாத்தியார் ஐயா. இந்தப் பலகையை மாற்றி, கைப்பிடியின் பொருத்தைக் கழற்றிப் புதிய முளை இறக்கவேண்டும்" என்றார்.

பழைய வர்ணத்தையும் அவர் உலர்ந்தபடி தேய்க்கவில்லை. நீர் தெளித்து நனைத்தே சுரண்டினார். குழந்தைகளை அயல் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். காரணம் உண்டு. வீட்டு வர்ணத்தில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாதென்ற விதி நம் தேசத்தில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சின் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் பொதிந்த பஞ்சால் தொட்டுத் தொட்டு மெருகேற்றினார். கூலி, முன்னவர் கேட்டதைப் போல் இரு மடங்கு. மனமாரக் கொடுத்தோம்.

பூச்சு உலர்ந்த அன்று தாயார் துணையின்றி மச்சுக்கு ஏறினார்.

நேயர்களே, ஆளை அமர்த்துமுன் அவர் கேட்கும் தொகை இருக்கட்டும். அவர் கை முதலில் எங்கே போகிறதென்று கவனியுங்கள்.