மூட்டைக்குக் குத்தூசி உண்டு, கம்ப்யூட்டருக்கு?

மண்டியில் அரிசி வாங்கப் போகும் நாம், சாக்கின் மேல் அச்சிட்ட பெயரை நம்பிப் பணத்தை எண்ணி வைப்பதில்லை. குத்தூசியைச் செருகி, நாலு மணியை உள்ளங்கையில் கொட்டி, நொய் எவ்வளவு, பழுப்பு எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். அப்படிப்பட்ட நாம், பில் போடும் கம்ப்யூட்டரை வாங்கும்போது மட்டும் விற்பவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருகிறோம். பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்க வழியில்லை என்று நினைப்பு. வழி இருக்கிறது, அதற்குக் காசும் வேண்டாம்.

'ஃபாஸ்ட்ஃபெட்ச்' என்று ஒரு சிறிய இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். கறுப்புத் திரையைத் திறந்து அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால், கண் இமைப்பதற்குள் ஒரே பக்கத்தில் எல்லாம் வந்துவிடும்: எந்த விண்டோஸ், பிராசசர் எது, மெமரி எத்தனை ஜிபி, வட்டில் எவ்வளவு நிறைந்திருக்கிறது, மெஷின் எத்தனை மணி நேரமாக ஓடுகிறது என்று வரிசையாக. இதற்கு முன் பலரும் பயன்படுத்தியது 'நியோஃபெட்ச்'. அது ஒவ்வொரு விவரத்துக்கும் வேறு வேறு சிறு நிரல்களைக் கூப்பிட்டுக் கேட்கும். அதனால் சற்றே தாமதம். ஃபாஸ்ட்ஃபெட்ச் 'சி' மொழியில் எழுதப்பட்டது, இயங்குதளத்திடமே நேராகக் கேட்டுவிடுகிறது. நியோஃபெட்சை எழுதியவர் 2024 ஏப்ரலில் அந்த வேலையை மூடிவிட்டு விவசாயத்துக்குப் போய்விட்டதாக அறிவித்தார். நல்ல தொழில்தான்!

எதையும் இறக்க வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸிலேயே 'சிஸ்டம்இன்ஃபோ' என்ற கட்டளை உண்டு. சில நொடி யோசித்து நீளமான பட்டியலாகக் கொடுக்கும்.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு இது மிகவும் அவசியம். எங்கள் பகுதி மளிகைக்கடைக்காரர் ஒருவர் எட்டு ஜிபி மெமரி என்ற பேச்சை நம்பி ஒரு மெஷின் எடுத்தார். மாதக் கடைசியில் ஸ்டாக் பார்க்க உட்கார்ந்தால் திரை நகரவில்லை. தட்டிப் பார்த்தபோது நாலு ஜிபிதான் இருந்தது. கடையிலேயே அரை நிமிடம் செலவழித்திருந்தால் அந்தப் பணத்தைக் குறைத்துக் கொடுத்திருப்பார்.

அதேசமயம் விற்பவர் மேல் வீண்பழியும் கூடாது. 256 ஜிபி வட்டு 238 என்று காட்டினால் யாரும் திருடிவிடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கம்ப்யூட்டர் 1024ஆல் வகுக்கிறது. எட்டு ஜிபி மெமரி ஏழு சொச்சம் என்று வருவதும் உண்டு. திரைப்படத்தைக் காட்டும் பகுதி தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறது. சாக்கு எடை கழிப்பது நமக்குப் புதிதா என்ன? ஆனால் 8 என்றது 3.8 ஆக வந்தால் அது சாக்கு எடை அல்ல.

இப்போது இதைச் சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதைச் சொல்லியே "சார், மெஷினையே மாத்தணும்" என்று விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். சில மெஷின்களுக்கு அது உண்மை. எல்லாவற்றுக்கும் அல்ல. இன்டெல் மெஷினில் பிராசசர் வரியைப் பாருங்கள். ஐ3-6100 என்றிருந்தால் ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஐ3-8100 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. பொதுவாக அதிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கிறது. நாலு ஜிபி மெமரி, 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு ஆகியவையும் வேண்டும். இவை இருந்து, உரிமம் பெற்ற விண்டோஸ் 10ம் இருந்தால் மேம்படுத்தக் கட்டணம் கிடையாது. பல ஆயிரம் ரூபாய்ச் செலவு இந்த ஒரு வரியில் நிற்கிறது. மெக்கானிக் வருவதற்கு முன் முதலாளிக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

வட்டு தேய்ந்து சாகப்போகிறதா, பவர் சப்ளை சரியா என்பதையெல்லாம் அந்தப் பக்கம் சொல்லாது. குத்தூசியும் மூட்டை முழுவதையும் காட்டுவதில்லையே. பில் கணக்கைத் தனியே காப்பி எடுத்து வைக்கும் வேலையும் நம் தலையில்தான்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது அந்தப் பக்கத்தை அச்செடுத்து, விற்பவர் கையெழுத்துடன் பில்லோடு சேர்த்துக் கேளுங்கள். சர்வீசுக்குக் கொடுக்கும் முன் ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் வரி விளக்கம் முடிந்ததும் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்க நிர்வாகிகள் முன்வர வேண்டும். கல்லாவில் உட்காரும் நம் பிள்ளைகளே செய்து காட்டுவார்கள்.